விராலுக்குப் பாதாளத்தில் ஒரு பங்காளி

செங்கன்னூரில் ஒரு வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தபோது தண்ணீரோடு சேர்ந்து சிவப்பாக ஏதோ ஒன்று விழுந்தது. மெல்லிசாக, நீளமாக, நெளிந்துகொண்டிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அதைப் புழு என்று முடிவுகட்டி, சாக்கடையில் கொட்டிவிட்டு, 'மேல்தொட்டியைக் கழுவி எவ்வளவு நாளாச்சு' என்று ஒரு சண்டையும் போட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் கொட்டவில்லை. எடுத்து வைத்தார், விவரம் தெரிந்தவர்களுக்குத் தகவல் சொன்னார். புழு என்று யாரும் நினைத்திருக்கக்கூடிய அது மீன். அதுவும் அதுவரை அறிவியலில் பெயரே இல்லாத மீன். 2022இல் அதற்கு 'பாஞ்சியோ பாதாளா' என்று பெயர் வைத்தார்கள். பாதாளா என்றால் நமக்குத் தெரிந்த அதே பாதாளம்தான்.

மதுரைப் பக்கம் குழம்பு வைத்துக் கொண்டாடுகிறோமே அயிரை, அதே குடும்பம்தான் இதுவும். அயிரை வயல் வாய்க்கால் மணலில் புதைந்து வாழ்கிறது. இது இன்னும் கீழே, பூமிக்கடியில் நீர் ஓடும் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. கிணற்றில் ஊறி, மோட்டாரில் ஏறி, மேல்தொட்டியில் தங்கி, குழாய் வழியாக வாளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வேலை நிமித்தமாகத் திருச்சூர் பக்கம் குடிவந்த பிறகுதான் இந்த மீன்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் கேரளத்தில் இந்த விஷயத்துக்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் கிணறு இருந்தால் போதும், வாளியில் வருவதை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். இதுவரை இங்கே கிடைத்த பாதாள மீன்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிணறு வெட்டும்போது, தூர் வாரும்போது, வெள்ளம் வடிந்த வயலில், குளிக்கும்போது.

கேரளத்து இடநாட்டில், அதாவது மலைக்கும் கடற்கரைக்கும் நடுவே இருக்கும் மேட்டு நிலத்தில், வீட்டுக்கு ஒரு கிணறு என்பது கிட்டத்தட்ட விதி. மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் திறந்த கிணறுகள். இவ்வளவு நெருக்கமாகக் கிணறு உள்ள இடம் உலகத்திலேயே குறைவு. எங்கள் வாடகை வீட்டிலும் சமையலறையை ஒட்டியே ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தால் பக்கச்சுவர் முழுக்கத் துளைத் துளையாகச் சிவந்த கல். இங்கே வெட்டுகல் என்கிறார்கள், நம் ஊரில் செம்பூராங்கல். நிலத்துக்குள் இருக்கும்வரை மிருதுவாக இருக்கும், கோடாலியால் வெட்டி எடுத்துவிடலாம். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அப்புறம் அதில் வீடே கட்டலாம்.

இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இருந்தவர். திப்பு வீழ்ந்த கையோடு, சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை சுற்றி, பார்த்ததையெல்லாம் எழுதி 1807இல் வெளியிட்டார். மலப்புரம் மாவட்டம் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லை வெட்டுவதைப் பார்த்துதான் அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று அங்கே அதற்கு ஒரு நினைவுத்தூணே இருக்கிறது. இதே புக்கானன்தான் பின்னாளில் ஹாமில்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, 1822இல் கங்கை மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். இந்திய நன்னீர் மீன்களின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் ஹாமில்டன் என்று போட்டிருப்பதை மீன் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், அவரேதான். கல்லையும் தெரியும், மீனையும் தெரியும். அந்தக் கல்லுக்குள்ளேயே மீன் இருந்தது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும். அங்காடிப்புரத்தில் அவர் நின்ற இடத்துக்குக் கீழே சில அடிகளில் ஏதாவது நீந்திக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆண்டுக்கணக்காக, யுகக்கணக்காகக் கொட்டிய மழை, பாறையிலிருந்து கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட, கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகியதுதான் இந்தக் கல். கரைந்து போன இடமெல்லாம் துளையும் இடுக்கும் குழாயுமாக நிற்கிறது. எடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கிணற்று நீர் ஒரே வாரத்தில் விறுவிறுவென்று மேலே ஏறுவதும், மழை விட்டால் அதே வேகத்தில் இறங்குவதும் இதனால்தான். காசர்கோடு பக்கம் இந்தக் கல்லில் ஆள் நுழையும் அளவு குகை தோண்டி, கசியும் நீரை வாய்க்கால் கட்டி வெளியே கொண்டுவருகிறார்கள். சுரங்கம் என்பார்கள். மனிதர் தோண்டிய வழியில் நீர் வெளியே வருகிறது. நீர் அரித்த வழியில் மீன் உள்ளே வாழ்கிறது.

நான் முதன்முதலில் ஒன்றை நேரில் பார்த்தது பக்கத்து வீட்டில். மேட மாதம், அதாவது நம் சித்திரை. நீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் அந்த நேரத்தில்தான் இங்கே கிணறு இறைத்துத் தூர் வாருவார்கள். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, ஒருவர் கயிறு பிடித்து இறங்கி, அடியில் கிடக்கும் சேற்றையும் சருகையும் வாளி வாளியாக ஏற்றி அனுப்ப, மேலே இருப்பவர் தென்னை மூட்டில் கொட்டிக்கொண்டிருப்பார். அப்படிக் கொட்டிய சேற்றில் ஏதோ துடிக்க, வீட்டுக்காரச் சேட்டன் அதை ஒரு ஜாம் பாட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டு மதில்மேலாகக் கூப்பிட்டார். "சாரே, இதொன்னு வந்து நோக்கிக்கே."

ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை. உடம்பு முழுக்க இளஞ்சிவப்பு. அது மீனின் நிறம் இல்லை, உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம். தோலில் நிறமிகளே கிடையாது என்பதால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. செவுள் இருக்கும் இடம் மட்டும் அடர்சிவப்பு. வாயைச் சுற்றி மீசை. பாட்டிலின் அடியில் படிந்த மண்ணை அந்த மீசையால் தடவித் தடவி, சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி தடவிக்கொண்டு போனது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. குழிகூட இல்லை. தோல் வழவழவென்று ஒரே சீராக ஓடியது. நான் பாட்டிலைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து வெகுநேரம் தேடினேன். தலை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்பதைச் செவுளை வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

அது ஹோராகிளானிஸ். நம் தேளி மீனுக்குச் சொந்தம். சேற்றில் கிடக்கும், மழை வந்தால் வரப்பைத் தாண்டி ஊரும், கையில் குத்தினால் கடுக்கும், அந்தத் தேளியின் குடும்பத்தில் ஒரு கிளை எப்போதோ கீழே போய்விட்டது. 1950இல் கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த ஒன்றை வைத்து ஏ.ஜி.கே. மேனன் இதை முதலில் விவரித்தார். மீன் ஆய்வில் பெரிய பெயரான சுந்தர் லால் ஹோராவுக்கு மரியாதையாகத்தான் ஹோராகிளானிஸ். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு அந்த ஒரே இனம்தான் தெரியும். 2004இல் திருச்சூர் மாவட்டம் பறப்பூக்கரையிலிருந்து இரண்டாவது. 2012இல் இரிஞ்சாலக்குடாவிலிருந்து மூன்றாவது, அதற்கு அப்துல் கலாமின் பெயர். ராமேசுவரத்துக்காரர் பெயரில் ஒரு பாதாள மீன் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கண் போனதும் நிறம் போனதும் ஏதோ குறை என்று பார்ப்பது மேலே இருக்கும் நம் பார்வை. கண்ணும் அதைச் சேர்ந்த நரம்பும் மூளைப்பகுதியும் தின்னும் சக்தி கொஞ்சநஞ்சம் இல்லை. வெளிச்சமே எட்டாத இடத்தில் அது தண்டச் செலவு. அங்கே உணவும் குறைவு. செடி வளராது, பாசி வளராது. மேலேயிருந்து மழைநீரோடு இறங்கும் மக்கல், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத, இறால் போல ஓடுள்ள சிறு உயிரிகள், இவ்வளவுதான் சமையல். அந்த வருமானத்துக்குள் குடும்பம் நடத்த வேண்டுமென்றால் தேவையில்லாததை விட்டுவிடத்தான் வேண்டும். பதிலுக்கு மீசை கூர்மையாகிறது, தோல் கூர்மையாகிறது.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன விராலுக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தைக் கேரளத்தில் இருந்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தை ஒட்டி, மலப்புரம் மாவட்டம் ஊரகம் என்ற இடத்தில் வயலில் ஒருவருக்கு விசித்திரமான மீன் ஒன்று கிடைத்தது. ஒன்பது பத்து சென்டிமீட்டர் நீளம், செம்பழுப்பு, ஒல்லியான உடல், முதுகிலும் அடியிலும் கிட்டத்தட்ட வால் வரை ஓடும் நீண்ட துடுப்பு. அவர் அதைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டு, இது என்ன மீன் என்று கேட்டார். அந்தப் படம் கைமாறிக் கைமாறி, கொச்சியில் இருக்கும் கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனுக்கும், அவரோடு சேர்ந்து வேலை செய்த ரால்ஃப் பிரிட்ஸ், நீலேஷ் தஹானுகர் போன்றவர்களுக்கும் போயிற்று. பிரிட்ஸ் மீன் எலும்புகளைப் படித்தே ஆயுளைக் கழித்தவர். அவருக்கே அது புதிது. விரால் குடும்பத்தில் ஒரு புது வகை என்று சேர்த்து, 2019இல் எனிக்மாசன்னா கொல்லம் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். (நம் பக்கத்துக் கொல்லம் ஊர் இல்லை. பூமிக்கடியில் ஒளிந்து வாழும் ஒரு மேல்நாட்டுக் கதாபாத்திரத்தின் பெயர்.) அதே ஆண்டு இன்னொரு ஆய்வுக் குழு, திருவல்லாவில் ஒரு கிணற்றில் கிடைத்ததை வைத்து, எனிக்மாசன்னா மகாபலி என்று பெயர் கொடுத்தது. பாதாளத்துக்கு அனுப்பப்பட்டு ஓணத்துக்கு மட்டும் மேலே வரும் ராஜாவின் பெயர். எனக்குக் கேட்டால் இதைவிடப் பொருத்தமான பெயரை இந்த மீனுக்கு வைக்க முடியாது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், விராலைப் பற்றி நமக்குத் தெரிந்த முதல் சங்கதி அது காற்றைக் குடிக்கும் என்பது. குளத்தில் கரையோரம் 'ப்ளக்' என்று வாயை மேலே தூக்கிவிட்டு இறங்குமே, அதுதான். தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைத்துச் சுவாசிக்கத் தனி உறுப்பே இருக்கிறது. மீன்கடையில் தண்ணீரே இல்லாத தட்டில் விரால் மணிக்கணக்காக உயிரோடு கிடப்பது அதனால்தான். மேலே வந்து காற்றெடுக்கவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் விரால்கள் உண்டு. அப்படிப்பட்ட வம்சத்தைச் சேர்ந்த ஒன்று, காற்றுக்கு வழியே இல்லாத பாறை நீரில் எப்படி இருக்க முடியும்?

உடலை ஸ்கேன் செய்து எலும்பு எலும்பாகப் பார்த்தபோது, எனிக்மாசன்னாவுக்கு அந்த உறுப்பே இல்லை. இருந்து தேய்ந்துபோன அடையாளமும் இல்லை. காற்றுப்பை விராலுடையதைவிடக் குட்டை. வயிற்றுப் பகுதியில் முள்ளெலும்புகள் குறைவு. விரால் குடும்பத்துக்கே உரிய முத்திரைகள் என்று பட்டியலிட்டு வைத்திருந்தவை பலவும் இதில் காணோம். மரபணுவும் அதையே சொன்னது. 2020இல் இதற்கென்று தனிக் குடும்பமே உருவாக்கி அறிவித்தார்கள். ஒரு புது இனம் கிடைப்பது அடிக்கடி நடப்பது. முதுகெலும்புள்ள ஒன்றுக்குப் புதுக் குடும்பம் கிடைப்பது அப்படி இல்லை. மனிதர் இத்தனை நூற்றாண்டு உழுது பயிரிட்ட, வீடு கட்டிய, ரோடு போட்ட நிலத்தின் அடியிலேயே ஒரு குடும்பம் முழுசாக யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

விராலிடமிருந்து இது பிரிந்த காலம்? கணக்கு 10.9 கோடி ஆண்டு என்று ஒரு வழியில் வருகிறது, 12.5 கோடி ஆண்டு என்று இன்னொரு வழியில் வருகிறது. எதை எடுத்துக்கொண்டாலும் டைனோசர்கள் உலாவிய காலம். இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்து, மடகாஸ்கரை இன்னும் விடாமல், தெற்கே கடலில் கிடந்தது. அப்புறம் மடகாஸ்கரை விட்டது, தனியாக வடக்கே நகர்ந்தது, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு கொட்டியது, ஆசியாவில் மோதி இமயமலை எழுந்தது. இத்தனையும் தாண்டி இந்தச் சொத்து பிரித்த பங்காளி வீடு அழியாமல் வந்திருக்கிறது. மேலே போன வீட்டார் காற்றைக் குடிக்கக் கற்றுக்கொண்டு ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவி நம் குழம்புச் சட்டிவரை வந்தார்கள். இந்த வீட்டார் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இன்னொன்றும் விசித்திரம். பாதாளத்தில் வாழ்வதற்கு உரிய தோரணை இதற்கு முழுசாக இல்லை. கண் இருக்கிறது. நிறம் இருக்கிறது. ஹோராகிளானிஸைப் பார்த்த கண்ணோடு இதன் வீடியோவைப் பார்த்தபோது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. நீந்துவது மட்டும் வேறெந்த விராலையும் போல இல்லை. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் அலை அலையாக நெளிய, உடம்பை அதிகம் ஆட்டாமல், முன்னாலும் போகிறது, பின்னாலும் வருகிறது. குறுகிய இடுக்கில் திரும்ப இடமில்லாதபோது பின்னால் வரத் தெரிந்திருப்பது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பாடம் ஹோராகிளானிஸில் கிடைத்தது. ராஜீவ் ராகவனும் குழுவும் ஆறு ஆண்டுகள் கேரளம் முழுக்க மக்களைக் கேட்டுக் கேட்டு இந்த மீனைத் தேடினார்கள். கிணற்றில் வந்ததா, தொட்டியில் வந்ததா, படம் அனுப்புங்கள், வந்து பார்க்கிறோம் என்று. அப்படி 47 புதிய இடங்களிலிருந்து பதிவுகள் சேர்ந்தன, 65 புதிய மரபணு வரிசைகள் கிடைத்தன. முடிவு 2023இல் வந்தது. பார்ப்பதற்கு ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது, எல்லாம் அதே சிறிய சிவந்த கண்ணில்லாத மீன். மரபணுவில் பார்த்தால் எட்டாத தூரத்தில் நிற்கின்றன. உள்ளே மரபணு மாறிக்கொண்டே இருக்க, வெளியே உருவம் அப்படியே நின்றுவிட்டது. இருட்டில் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, ஒரே விடை, உருவம் மாற வேண்டிய தேவை வரவில்லை போலும்.

அந்த ஆய்வில் நான்காவதாக ஒரு இனம் பிரிந்து வந்தது. மற்ற மூன்றுக்கும் முன்பே கிளைவிட்டது. அதற்கு ஹோராகிளானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தார்கள், மக்களுடையது என்ற பொருளில். வாளியைக் கொட்டாமல் வைத்திருந்து படம் அனுப்பிய கேரளத்து ஜனங்களுக்கு மரியாதை. ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்வது சடங்கு. மீனுக்கே பெயராக வைப்பது வேறு. எனக்கு அது மனசுக்கு நிறைவாக இருந்தது.

இப்படி இன்னும் இருக்கின்றன. கோழிக்கோட்டில் ஆறு மீட்டர் ஆழ வீட்டுக் கிணற்றில் கிடைத்த இன்னொரு பாஞ்சியோவுக்கு, ஓமப்பொடிக்கு வடக்கே சொல்லும் பெயரான 'புஜியா'வை வைத்துவிட்டார்கள். பார்த்தால் மறுக்க முடியாது. திருச்சூர்ப் பக்கத்துக் கிரிப்டோகிளானிஸ் 2011இல் அறிமுகமானது. சின்ன மீனுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு எலும்பமைப்பே வேறு மாதிரி, எந்தக் கெளுத்திக் குடும்பத்தில் சேர்ப்பது என்று நிபுணர்களைத் திணறவைத்தது. ரத்தச் சிவப்பில் சேற்று விலாங்குகள் சில. அவற்றைக் குட்டிப் பாம்பு என்று நினைத்து அடித்துவிடுகிறவர்கள் உண்டு. இதே விலாங்கு வகையில் ஒன்று மும்பை ஜோகேஷ்வரியில், பார்வையற்றோர் பள்ளி வளாகக் கிணற்றில் கிடைத்து 2021இல் பெயர் பெற்றது. அவ்வளவு நெரிசலான ஊருக்கு அடியில்!

வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகருக்கு அடியில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து பொங்கும் ஆழ்கிணறுகளில் இரண்டு வகைக் குருட்டுக் கெளுத்திகள் வெளியே வந்து விழுந்திருக்கின்றன. பிரேசிலில் அமேசான் முகத்துவாரத்து மராஜோ தீவில், கிணற்றில் கிடைத்த சிவப்புக் கெளுத்தி ஒன்று 1905இலேயே பெயர் வாங்கிவிட்டது. ஆனால் உலகத்தில் தெரிந்த பாதாள மீன்களில் பெரும்பாலானவை குகை மீன்கள். குகைக்குள் மனிதர் விளக்கோடு நுழைந்து தேடலாம். நிலத்தடி நீர்ப்பாறைக்குள் யார் நுழைய முடியும்? அங்கே வாழ்பவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னப் பங்கில் இவ்வளவு வகை கேரளத்துச் செம்பூராங்கல்லில் ஒரே இடத்தில் இருப்பதுதான் ஆச்சரியம். கல்லும், மழையும், வீட்டுக்கொரு கிணறும் சேர்ந்து வாய்த்திருக்கிறது.

இந்த மீன்களைக் காப்பாற்றுவது என்று பேச்செடுத்தால் என் நண்பர்கள் உடனே சரணாலயம் என்பார்கள். சரணாலயங்கள் மலையில் இருக்கின்றன. இந்த மீன்கள் நம் சமையலறைக்கும் கழிவறைக்கும் அடியில் இருக்கின்றன. வேலி போட முடியாது. நிலத்தின் மேலே நடப்பதெல்லாம் கீழே இறங்குகிறது. செப்டிக் தொட்டி கசிந்தால் கீழே போகிறது, தோட்டத்துக்கு அடித்த மருந்து கீழே போகிறது. வெட்டுகல் குவாரி மேட்டையே வழித்துக்கொண்டு போகிறது. முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டால் மழைநீர் இறங்காமல் ரோட்டுக்கு ஓடுகிறது. ஆழ்துளை போட்டு உறிஞ்ச உறிஞ்ச, இடுக்குகளில் நீர் வற்றுகிறது. கேரளத்து மழையைப் பார்த்தவர்கள் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்றால் நம்பமாட்டார்கள், ஆனால் மார்ச் மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்கள் எனக்குத் தெரியும்.

மிகவும் சங்கடமான விஷயம் ப்ளீச்சிங் பவுடர். வெள்ளம் வடிந்ததும் கிணறு கிணறாகப் போட்டார்கள். மஞ்சள்காமாலையும் பேதியும் பரவும் நேரத்தில் அதைப் போடாதே என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர். ஆனால் வெள்ளமும் இல்லை, நோயும் இல்லை, கிணறு தூர் வாரினோம், கூடவே ரெண்டு கிலோ கொட்டி வைப்போம் என்று பழக்கத்துக்குக் கொட்டுவது வேறு. செவுளாலும் மெல்லிய தோலாலும் மூச்சுவிடும் ஒன்றுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நோய் பயம் இருந்தால் மேல்தொட்டியில் மருந்து கலக்கலாம், குடிப்பதைக் கொதிக்க வைக்கலாம். இங்கே எப்படியும் சீரகமும் பதிமுகமும் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர்தான் குடிக்கிறார்கள். கிணற்றில் கொசுப்புழு பெருகாமல் இருக்கக் கப்பி மீன் விடுவதும் இப்படித்தான். வலை கட்டினாலே கொசு வராது. கப்பி விட்டால், ஊற்றுக்கண் வழியாக எட்டிப் பார்க்கும் மூன்று சென்டிமீட்டர் குருட்டு மீன் அதோடு இரைக்குப் போட்டி போட வேண்டும், அதன் குஞ்சு கப்பியின் வாய்க்கும் தப்ப வேண்டும்.

அந்தச் சேட்டனுக்கு இதெல்லாம் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். மீனைத் திரும்பக் கிணற்றில் விடுவதற்கு முன்னால் படமும் வீடியோவும் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு அனுப்பினோம். நீர் கொஞ்சம் ஊறித் தெளிந்த பிறகு, பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கிச் சாய்த்து விட்டார். ப்ளீச்சிங் பவுடர் மூட்டை அந்த வருஷம் திண்ணையிலேயே கிடந்தது. அவர் மனைவிக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் நிச்சயம் இருப்பீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இதே செம்மண் மேடு, இதே செம்பூராங்கல், வீட்டுக்கு வீடு கிணறு. மலைக்கு இந்தப் பக்கம், கேரளத்து இடநாட்டின் தொடர்ச்சிதான் உங்கள் ஊர். கிணறு இறைக்கும் நாளில் மோட்டார் குழாயின் வாயில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி வையுங்கள். சேற்றைக் கொட்டும்போது ஒரு அகலமான வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அலசிப் பாருங்கள். சிவப்பாக, நெளிவாக எதாவது இருந்தால் அதே கிணற்று நீரில் நிழலில் வையுங்கள், குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள், குளோரின் இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கிணற்றின் ஆழம், அன்றைக்கு நீர் எத்தனை அடி, தேதி, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் கல்லூரி விலங்கியல் துறையிலோ மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ யாரையாவது பிடியுங்கள். முதலில் பேசுபவர் புழு என்று சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்தவரைப் பிடியுங்கள்.